நீலக் கோப்பையின் கைப்பிடி

கோப்பை உடைந்ததோடு விஷயம் முடிந்திருக்கலாம். உடைந்த செய்தி கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்ததுதான் வினையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. படிக்க வந்த இடத்தில் ஒரே வீட்டில் தங்கியிருந்த எங்கள் மூவருக்கும் பட்டப்பெயர்கள்தான். கலெக்டர் ஊரிலிருக்கும் தன் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசுவது அவள் வழக்கம். நானும் புத்தரும் மேசையில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

“அந்த நீலக் கோப்பையைத் தூக்கிப் போட்டுடு. கைப்பிடி உடைஞ்ச இடம் கூரா இருக்கு. கையைக் கிழிச்சிடப் போகுது,” என்றார் அம்மா.

நுரைக்குள் இருந்த கலெக்டரின் கை அப்படியே நின்றது.

“எந்தக் கோப்பைம்மா?”

“ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சாப்பிட்டியா?”

போனை வைத்ததும் கலெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோப்பை உடைந்தது அந்த வாரத்தின் நடுவில். அம்மாவிடம் அவள் பேசுவது ஞாயிறு மட்டும். அதுவும் வெறும் குரல்தான், வீடியோ கிடையாது. அப்படியிருக்க, கைப்பிடி போனது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

“யாரு சொன்னது?” என்றாள்.

நான் புத்தரைப் பார்த்தேன். புத்தர் என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி போயிற்று.

கலெக்டர் என்பது அவள் படிப்பில்லை, குணம். வீட்டு ஒப்பந்தம் அவள் பெயரில் இருந்ததால் அந்தக் குணத்துக்குக் கொஞ்சம் அதிகாரமும் சேர்ந்துவிட்டது. ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டாள். குளியலறை வடிகாலில் முடி, அடுப்பில் பொங்கி வழிந்த கறை, குளிர்பதனப் பெட்டியில் யாரோ மூடாமல் வைத்த பால், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எங்கள் மூவருக்கான குழுவில் போட்டு, கீழே ‘இது யார்?’ என்று கேட்பாள். நீலக் கோப்பையும் அப்படித்தான் வந்தது. உடைத்தது நான்தான். ஒப்புக்கொண்டும் விட்டேன்.

நான் மண்ணு. மண் ஆய்வில் முதுகலை படிக்கிறேன். சல்லடையில் சலிப்பது, உலையில் காயவைப்பது, எடை போடுவது, மறுபடி நனைப்பது என்று பகல் முழுக்க ஆய்வுக்கூடத்தில் மண்ணோடுதான் வாழ்க்கை. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் அதிலும் கொஞ்சம் கொட்டும். அதற்கும் ஒரு போட்டோ வரும்.

மூன்றாவது ஆள் புத்தர். புள்ளியியல் படிப்பவள். எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். நல்ல நாளிலேயே எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் நம்பிக்கை கிடையாது. அமுக்குணி என்று மனதுக்குள் எப்போதோ எழுதி வைத்துவிட்டேன்.

ஒரு கோப்பைக்கு ஏன் இத்தனை கலவரம் என்று கேட்டால், கலெக்டரிடம் கோப்பையைவிடப் பெரிய ரகசியம் ஒன்று இருந்தது. அவள் கணினியில் முதுகலை படிக்க வந்தவள். முதல் பருவம் முடிவதற்குள் அவளுக்கு அது வெறுத்துப் போனது. கறுப்புத் திரையில் பூச்சி பூச்சியாக ஓடும் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, எங்களை அதட்டக்கூடத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்தை ஒட்டியிருந்த குழந்தைகள் காப்பகத்தில் வாரக்கடைசி உதவி வேலைக்குப் போனாள். ‘வரிசையா நில்லுங்க’ என்று இவள் சொல்லியிருக்கிறாள். குழந்தைகளும் நின்றிருக்கின்றன. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த பருவம் கணினியை விட்டுவிட்டு மழலையர் கல்விப் பட்டயப் படிப்பில் முறைப்படி சேர்ந்தும்விட்டாள். இப்போது கடைசிக் கட்டம், அதே காப்பகத்தில் பயிற்சி. அது முடிந்தால் அங்கேயே வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் இது தெரியாது. தெரிந்தால் அவள் அப்பா அடுத்த விமானத்தில் திரும்பி வரச் சொல்லிவிடுவார். இது அவளாகக் கற்பனை செய்துகொண்ட பயம் இல்லை. விமான நிலையத்தில் அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன், இருவருக்கும் ஒரே விமானம். கடிகாரத்தின் முகப்பை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டும் ஆள் அவர். நேரம் பார்க்கக் கையைத் திருப்பினால் நம்மை நில் என்று சொல்வதுபோல் உள்ளங்கை தெரியும். அப்படித் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார். “உன் பெரியப்பா மகன் மாதிரி படிப்பை மாத்தினேன், பாதியில விட்டேன்னு என் காதுல விழுந்துது, மறுநாளே டிக்கெட் போட்டுருவேன்.” அந்தப் பெரியப்பா மகன் வெளிநாடு போய் எதையெதையோ மாற்றி மாற்றிப் படித்து, கடைசியில் ஒன்றும் இல்லாமல் திரும்பியவன். குடும்பத்தில் யார் பெட்டியைத் தூக்கினாலும் அவன் பேச்சு வந்துவிடும்.

அதனால்தான் வீடியோ இல்லை. காப்பகத்திலிருந்து வந்தால் முழங்கை வரை பெயின்ட், தலைமுடியில் பசை. அம்மா ஒரு பார்வை பார்த்தால் போதும். ஞாயிறுதோறும் அப்பா போனை வாங்கி ஒரே கேள்வி கேட்பார். “படிப்பு எப்படிப் போகுது?” இவள் டேட்டா, மாடல் என்று எதையாவது அளந்துவிடுவாள். பயிற்சி முடிந்து வேலை கைக்கு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அதுவரை மூச்சு வெளியே போகக்கூடாது.

ஆனால் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு அம்மா, “சிவப்பு ஸ்வெட்டர்ல முழங்கைகிட்ட கிழிஞ்சிருக்கே, உள்பக்கமாத் தைச்சுக்கோ,” என்றார். அதற்கடுத்த வாரம், “ஐஸ்பெட்டி மேல் தட்டுல என்னடி அவ்வளவு பனி கட்டிக் கிடக்கு? யாரும் துடைக்க மாட்டீங்களா?” ஒவ்வொரு முறையும் இவள் ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்டால், அம்மா சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

சந்தேகம் நேராக என் மேல் வந்து விழுந்தது. என் சித்தி குடியிருப்பது கலெக்டர் வீட்டார் இருக்கும் அதே அடுக்ககத்தில், இரண்டு மாடி மேலே. நான் சித்தியிடம் சொல்ல, சித்தி லிஃப்டில் அவள் அம்மாவிடம் சொல்ல, முடிந்தது கதை. கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையுமா?

“நான் எங்க சித்திகிட்ட பேசியே ரொம்ப நாளாச்சுடி,” என்றேன்.

“நான் ஒண்ணும் சொல்லலையே. நீயா ஏன் பதர்றே?”

அதற்கு மேல் என்ன பேச முடியும்? பேசினால் பதற்றம், பேசாவிட்டால் கள்ளத்தனம்.

“எனக்கு ஒண்ணுதான் புரியலை,” என்றேன் இன்னொரு நாள். “இவ்வளவும் தெரிஞ்ச உங்கம்மாவுக்கு, நீ படிப்பை மாத்தினது மட்டும் ஏன் தெரியலை?”

“அதான் பயமா இருக்கு. சின்னச் சின்னதாச் சொல்லி ருசி காட்டுறா. பெரிசைக் கையில வெச்சிருக்கா.” ‘காட்டுறா’ என்றாள். யார் என்று சொல்லவில்லை. என்னையே பார்த்தாள்.

வீடு மாறிப் போனது. மேசையில் வைக்கும் போன்கள் எல்லாம் குப்புறப் படுத்தன. ஊருக்குப் பேசவேண்டும் என்றால் மூவரும் தனித்தனியாக மாடிப்படிக்குப் போனோம். கலெக்டர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பயிற்சி செய்தாள். குழந்தைகளுக்குக் கதை சொல்வதைத் தானே வீடியோ எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் பாடத்தில் ஒரு பகுதி. பழைய சாக்ஸில் ஒரு தவளை செய்து கையில் மாட்டியிருந்தாள். அதற்கு ஒரு பொத்தான் கண் எப்போதோ விழுந்துவிட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் அதட்டலான குரலில் அந்த ஒற்றைக்கண் தவளை பேசுவது எனக்குக் கேட்கும். முன்பென்றால் உள்ளே போய் உட்கார்ந்து பார்ப்பேன். இப்போது வாசலில் என் நிழல் விழுந்தாலே தவளை வாயை மூடிக்கொள்ளும்.

ஒரு நாள் கூடத்தின் கூரையில் இருக்கும், புகை வந்தால் அலறும் மணியை வெகுநேரம் முறைத்துப் பார்த்தாள். அதற்குள் கேமரா இருக்கலாம் என்பது புது யோசனை. நாற்காலி போட்டு ஏறி, குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் குல்லாவை அதற்கு மாட்டிவிட்டாள். மாட்டியதை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டாள், யாராவது கழற்றினால் தெரியவேண்டுமே. அவளைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கூடவே கோபம். இத்தனை நாள் ஒரே சட்டியில் சோறு தின்றவளை இப்படிச் சந்தேகப்படுகிறாளே என்று.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அந்த வியாதி தொற்றியது. நான் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் புத்தர்தானே? அவள் போனில் தட்டிக்கொண்டிருந்தால் எட்டிப் பார்த்தேன். சமையலறையில் தனியாக மடக்கிப் பிடித்தேன்.

“நீதானே?”

சிரித்தாள். “எனக்கு அவங்க அம்மா நம்பரே தெரியாது.”

“அது பதில் இல்லை.”

“உனக்குத்தான் சித்தி இருக்காங்க,” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதுவும் எனக்கு எதிராக.

கலெக்டர் வலை விரித்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, துணிக்கடையில் மஞ்சள் கோட்டு ஒன்றைப் போட்டு நிற்கும் போட்டோவைக் காட்டினாள். கடைக் கண்ணாடியைப் பார்த்துத் தானே எடுத்தது. பளீரென்ற மஞ்சள். “வாங்கலாம்னு இருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதே,” என்றாள். பழைய மாதிரி பேசுகிறாளே என்று எனக்குச் சந்தோஷம். நன்றாக இருக்கிறது என்று மனதறிந்து பொய் சொன்னேன். புத்தரிடம் வேறு கதை விட்டிருக்கிறாள். வகுப்புத் தோழிகளோடு கடற்கரைக்கு இரண்டு நாள் போகப் போகிறேன், வீட்டில் சொல்லவில்லை என்று. இரண்டும் பச்சைப் பொய். அம்மா எதைக் கேட்கிறாரோ அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

ஞாயிறு வந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அம்மா ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார். “மஞ்சள் உனக்கு எடுப்பா இருக்காதுடி. ஊதா வாங்கு.”

கலெக்டர் போனை வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

“உன்கிட்ட மட்டும்தான் காட்டினேன்,” என்றாள். “ஒருத்திகிட்ட கோட்டு, ஒருத்திகிட்ட கடற்கரை. எங்கம்மா கடற்கரையைக் கேக்கலை.”

“சத்தியமா நான் சொல்லலைடி.”

“அப்போ கோட்டு நடந்து போய்ச் சொல்லுச்சா?”

எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து சித்திக்குப் போன் செய்கிறேனா? போனை எடுத்துப் பார்த்தேன். இல்லை. அதைக் காட்டினால், அழித்திருப்பாய் என்றாள். புத்தர் கதவு நிலையில் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“இந்த மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்கோ,” என்றாள் கலெக்டர். “எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா எனக்கு எல்லாம் போயிடும். இது தெரிஞ்சும் உனக்கு எப்படி மனசு வந்தது?”

அந்த ஊரில் படிக்க வந்தவர்களுக்கு அறை கிடைப்பது அத்தனை சுலபமில்லை. எனக்கோ ஆய்வறிக்கை முடிக்க வேண்டிய நேரம். ஆனாலும் ரோஷம் விடவில்லை. பெட்டியை இழுத்துப் போட்டுத் துணிகளை அடுக்கினேன். வகுப்பில் யாரோ சொன்ன ஓர் அறையைப் பார்க்கப் போனேன். தெருமட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் வழியாக நடப்பவர்களின் செருப்பு மட்டும் தெரிந்தது. சுவரில் ஈரம் ஏறி மண் வாசனை அடித்தது, அதில் எனக்கு இருக்கும் அனுபவத்துக்கு அது நல்ல வாசனை இல்லை. வீட்டுக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தாளிக்கக் கூடாது, ஆட்களைக் கூட்டி வரக் கூடாது, வெந்நீரை அதிக நேரம் திறக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் மேலாவது காட்டவேண்டும் என்று இருந்தது. சித்திக்குப் போன் போட்டேன்.

“சித்தி, உண்மையைச் சொல்லுங்க. கலெக்டரைப் பத்தி அவங்க அம்மாகிட்ட ஏதாவது சொன்னீங்களா?”

“நான் எதுக்குச் சொல்றேன்? அவங்கதான் எனக்குச் சொல்றாங்க.”

“என்ன சொல்றாங்க?”

“ஏதோ மஞ்சள் கோட்டு போட்டு நின்னாளாம், காட்டினாங்க. சகிக்கலை.”

“காட்டினாங்களா? எதுல?”

“போன்லதான். அவ இங்க விட்டுட்டுப் போன பழைய போன் இருக்குல்ல? அவ அங்க படம் எடுத்தா இங்க தானா வந்து விழுது. சாயங்காலமானா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உக்காந்துடுவாங்க. அவங்களுக்கு அதுதான் சீரியல். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனைச்சேன்?”

நான் போக வேண்டிய பஸ் வந்தது, போனது. ஏறத் தோன்றவில்லை.

“வேற என்ன பாத்தாங்க சித்தி?”

“எல்லாம்தான். கைப்பிடி போன கோப்பை. உன் சாக்ஸ் மண்ணு. அப்புறம் குட்டி நாற்காலிங்க, முட்டி உயரத்துல தண்ணிக் குழாய், காகிதத்துல முதலை. பெரிய படிப்பு படிக்கிற எடம் மாதிரித் தெரியலையேன்னு நான் கேட்டேன். ‘எனக்கும் கண்ணு இருக்கு. நீங்க வாயைத் திறக்காதீங்க, அவர் காதுக்குப் போச்சுன்னா தொலைஞ்சுது’ன்னு சொல்லிட்டாங்க.”

“இது எப்போ?”

“அது ஆச்சு, மழைக்கு முன்னாடி. போன மாசம்கூட வந்து பச்சைத் துணி இருக்கான்னு கேட்டாங்க. என் பழைய ரவிக்கை ஒண்ணு குடுத்தேன். எதுக்குன்னு சொல்லலை.” சித்தி ஒரு நிமிஷம் யோசித்தார். “ஏன்டி, உங்க வீட்டுக் கூரையில என்னத்துக்குக் குளிக்கிற குல்லாவை மாட்டி வெச்சிருக்கீங்க?”

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டே போனேன். எப்படி நிறுத்தி, எந்த இடத்தில் அவளை வெட்கப்பட வைப்பது என்று. உள்ளே நுழைந்தபோது கலெக்டர் தரையில் உட்கார்ந்து அட்டையில் முதலைக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. எழுதிய வசனத்தில் பாதி மறந்துபோனது.

“ஊர்லேருந்து கெளம்பும்போது உன் பழைய போனை என்ன பண்ணினே?”

“அம்மாகிட்ட குடுத்தேன். ஏன்?”

“அதுலேருந்து உன் அக்கவுண்டை எடுத்தியா?”

“எதுக்கு எடுக்கணும்? அம்மாவுக்குப் புதுசா ஆரம்பிச்சா பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காதுன்னு அப்படியே...”

வாக்கியம் அந்தரத்தில் நின்றது. கத்தரிக்கோலும் திறந்தபடியே நின்றது.

ஊரைவிட்டுக் கிளம்புகிற எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். புதுப் போன் வாங்கிக்கொள்கிறோம், பழையதை அம்மாவின் கையில் திணிக்கிறோம், பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைக்கலாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறோம். அம்மாவுக்கு அதற்கு மேல் தெரியாது என்று நமக்கு நினைப்பு.

“அப்போ நான் எடுக்குற போட்டோ எல்லாம்?”

“எல்லாம்.”

“வீடியோ?”

“தவளையும்தான்.”

புத்தர் அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். கலெக்டர் போனைக் கையில் எடுத்தாள். அவள் வழக்கமாகப் பார்ப்பது போனுக்குள் இருக்கும் கேமரா படங்களை மட்டும். கணக்கோடு சேர்ந்த சேமிப்பு ஒன்று இணையத்தில் இருப்பது தெரியும், திறந்து பார்த்ததில்லை. இப்போது திறந்தாள். அவள் எடுத்த படங்கள் நாள்வாரியாக இருந்தன. நடுநடுவே அவள் எடுக்காத படங்களும் இருந்தன.

“இது எங்க வீட்டு ஃபேன்,” என்றாள்.

அந்தப் போனில் அம்மா எடுத்தவையும் இங்கே வந்து சேர்ந்திருந்தன. பாதி திரையை மறைக்கும் கட்டைவிரல். மாத்திரை அட்டை. கேஸ் சிலிண்டரின் அடிப்பாகம். தெரியாமல் அமுக்கி எடுத்த திரைச்சீலை, பல தடவை. எங்கள் அடுப்புக் கறைக்கும் முதலைக்கும் நடுவில் அவள் வீடு துண்டு துண்டாகக் கிடந்தது. கலெக்டர் கீழே தள்ளிக்கொண்டே போனாள்.

பிறகு தையல் இயந்திரத்தின் மேல் ஒரு பச்சைத் துணி வந்தது. எனக்குத் தெரிந்த சித்தியின் ரவிக்கைதான். அடுத்ததில் அது இரண்டாக வெட்டியிருந்தது. அதற்கடுத்து உள்ளே சிவப்பு வைத்துத் தைத்த அகலமான வாய். பிறகு இரண்டு பெரிய கறுப்புப் பொத்தான்கள். கடைசியில் ஒரு முழுத் தவளை. சாக்ஸ் தவளையைவிட நூறு மடங்கு நன்றாக, இரண்டு கண்ணோடு.

“அம்மா தைச்சிருக்காங்க,” என்றாள் கலெக்டர். எங்களிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அடுத்தது ஒரு சின்ன வீடியோ. தவளையை ஒரு கையில் மாட்டியிருந்தார்கள். அது வாயைத் திறந்து மூடியது, கொஞ்சம் தயக்கமாக. பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “இன்னும் பெரிசாத் திறங்க. அவ அப்படித்தான் பண்ணுவா.” யாரோ தொண்டையைச் செருமினார்கள். தவளை வாயை அகலமாகத் திறந்தது. கை எங்கள் பக்கம் திரும்பியது. பச்சைத் துணி முடியும் இடத்தில், மணிக்கட்டின் உள்பக்கத்தில், கடிகாரத்தின் முகப்பு தெரிந்தது.

கலெக்டர் அதை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். மறுபடியும். பிறகு போனைத் தரையில் வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவள் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் அவளுக்குள் இருந்த கலெக்டர் தலையைத் தூக்கினாள். வீடியோவின் தேதியைப் பார்த்தாள்.

“இது போன ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி எடுத்தது. அன்னிக்கும் படிப்பு எப்படிப் போகுதுன்னு கேட்டாரே, தெரிஞ்சேவா கேட்டாரு?”

“தெரிஞ்சேதான்.”

“நான் மாடல், டேட்டான்னு அவ்வளவு அளந்தேனேடி.”

புத்தர் தன் அறைக்குள் போனாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது, அத்தனை சத்தமாக நாங்கள் அதுவரை கேட்டதில்லை. “அம்மா, என் பழைய போன் இப்போ யாருகிட்ட இருக்கு?” என் பழைய போன் என் தங்கையிடம் இருக்கிறது. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

மன்னிப்பு என்ற சொல் கலெக்டருக்கு வராது. என் அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். நான் அடுக்கிய துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அதையும் அவள் இஷ்டப்படி, கீழே வைக்க வேண்டியதை மேலே. அவள் போனபின் எல்லாவற்றையும் சரியாக மாற்றி வைத்துக்கொண்டேன்.

பழைய போனிலிருந்து கணக்கை நீக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள். மறுநாள் காப்பகத்துக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன் நின்றாள். பெயின்ட் படிந்த ஏப்ரன், சட்டையில் பெயர் அட்டை, கையில் ஒற்றைக்கண் தவளை. தலையை வாரி, நேராக நின்று ஒரு போட்டோ எடுத்தாள். யாருக்கும் அனுப்பவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு காலை போன் சமையல் மேடையில் சாய்ந்திருந்தது. அம்மா முதலில் பேசினார். “ஏப்ரன் கயிறு நீளமாத் தொங்குது, முன்னாடி கொண்டு வந்து கட்டு. எதுலயாவது மாட்டிக்கும்.” சரிம்மா என்றாள். எந்த ஏப்ரன் என்று கேட்கவில்லை. பிறகு அப்பா போனை வாங்கினார். தொண்டையைச் செருமினார். அவர் வழக்கமான கேள்விக்காக நாங்கள் மூவரும் காத்து நின்றோம்.

“பசங்க எப்படி இருக்காங்க?” என்றார்.

கலெக்டர் குழாயை மூடினாள்.

“உன் பேச்சைக் கேக்குறாங்களா?”

“கேக்குறாங்கப்பா.”

“நீதான் என் பேச்சைக் கேக்கலை,” என்று சொல்லிவிட்டு அவர் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.